நிற்கும்போது மட்டும் ஆடும் சக்கரம்

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் பனி. பால்கனிக் கம்பியெல்லாம் ஈரம். ஆபீசுக்கு லீவு. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

பாறை ஏறும் ரிமோட் வண்டிக்கு இன்று உருவம் வந்தது. சேஸித் தகடுகள் இரண்டையும் பூட்டியாயிற்று. நான்கு ஷாக் அப்சார்பரிலும் கெட்டி ஆயில், பாறையிலிருந்து இறங்கும்போது துள்ளாமல் இருக்க. முன்சக்கரங்களுக்குள் பித்தளை வளையம். எடை முன்னாலும் கீழேயும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செங்குத்துப் பாறையில் மல்லாந்துவிடும். டயருக்குள் ஃபோம் இன்னும் வைக்கவில்லை. உள்ளே கெட்டி, வெளியே மிருது என்று இரண்டு அடுக்கு.

கௌரி பால்கனிக்குத் துணி எடுக்க வந்தாள். "நாப்பத்தாறு வயசுல ரிமோட் காருக்கு ஆயில் மாத்துறீங்க. ஸ்கூட்டருக்கு மாத்தி எவ்ளோ நாளாச்சு?" அவள் சொல்வது நியாயம்.

போட்டி பிப்ரவரி 8, பூந்தமல்லி தாண்டி. போன வருடம், பாதையில் நட்ட ஒரே ஒரு குச்சியை உரசியதில் ஏகாம்பரத்திடம் தோற்றேன். அயனம்பாக்கத்தில் வாட்டர் கேன் போடுகிறவன், என் நண்பன், என் எதிரி. இந்த வருடம் விடுவதாக இல்லை.

சாயங்காலம் முதல் தடவை கரண்ட் கொடுத்தேன். ஓடியது! ஹாலில் நாலு தலையணையை அடுக்கி ஏற்றினேன். ஏறியது.

ஒரே குறை. நிற்கும்போது முன்சக்கரம் இரண்டும் லேசாக ஆடுகின்றன. ஓடும்போது இல்லை. சர்வோவாக இருக்கும், சக்கரத்தைத் திருப்புகிற மோட்டார். மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன்.

ஜனவரி 23, வெள்ளி

வெயில். கொசு. மோட்டார் ஓடாமல் மாடியில் தண்ணீர் இல்லை.

புது சர்வோ மாட்டினேன். ஆடுகிறது. இன்னும்தான் ஆடுகிறது.

இதுவரை செய்தது:
சர்வோ – மாற்றியாயிற்று
ஒயர் – புதுசு
பாட்டரி – ஏகாவினுடையதைப் போட்டுப் பார்த்தேன், அதே கதை
ரிசீவர் (வண்டிக்குள் சிக்னல் வாங்கும் பெட்டி) – நாளை

ஒரு விஷயம் கவனித்தேன். ரிமோட்டை மேசைமேல் வைத்தால் சக்கரத்தின் ஆட்டம் நின்றுவிடுகிறது. கையில் எடுத்தால் ஆடுகிறது. யோசித்ததில் பிடிபட்டது: கையில் பிடிக்கும்போது என் உடம்பு ஆன்டெனாவை மறைக்கிறது. சிக்னல் தடுமாறுகிறது. ரிசீவரைப் பின்னால் நகர்த்தி, ஆன்டெனாவை மேலே தூக்கி நிறுத்த வேண்டும்.

கண்டுபிடித்ததில் ஒரே சந்தோஷம். கௌரியிடம் விளக்கினேன். "சரிங்க, சட்னில உப்பு போட்டீங்களா?" என்றாள்.

ஜனவரி 25, ஞாயிறு

ஏரிக்கரை. மேகமூட்டம், நல்ல காற்று. கரைக்கு முட்டுக்கொடுத்துக் கொட்டியிருக்கும் கருங்கற்கள்தான் எங்கள் பயிற்சி மைதானம். வாக்கிங் வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

வண்டி ஏறுவதைப் பார்த்து ஏகாவுக்கே வாய் பிளந்துவிட்டது. "இன்னா மாமே இது, பல்லி மாரி ஏறுது!"

ஒரு கல்லின் உச்சியில் நிறுத்தினேன். சக்கரம் ஆட ஆரம்பித்தது.

"இன்னா, குளிர்ல நடுங்குதா?"

சிரித்தேன். ஆன்டெனா கதையை முழுக்கச் சொன்னேன். ரிசீவரைக்கூட மாற்றிவிட்டேன், அப்படியும் போகவில்லை என்றேன்.

"குடு, நான் ஒரு தபா பாக்கறேன்."

ரிமோட்டை வாங்கினான். சக்கரம் நின்றது. இடது, வலது திருப்பினான். நேராக்கினான். நின்றது. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். ஆடவே இல்லை. அவனும் என்னைப் போல ஆள்தான், அவனுக்கும் உடம்பு இருக்கிறது, ஆன்டெனாவை மறைக்கிறது.

திருப்பிக் கொடுத்தான். என் கைக்கு வந்ததும் ஆடியது.

வாய் ஓயாத ஏகா ஏரியைப் பார்த்தான். என் வலது கையைப் பார்த்தான். ரிமோட்டின் ஸ்டியரிங் வளையத்தின் மேல் சும்மா வைத்திருந்த கை.

"வண்டி நல்லாத்தான் கீது மாமே," என்றான் கடைசியில். "வா, டீ சாப்டலாம்."

டம்ளரை இடது கையில் பிடித்தேன். அதையும் பார்த்தான்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. எதிர் பிளாட்டில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கப் போகவில்லை.

கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் பையன்களை உட்காரவைத்து ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்பேன். நாலாவதில் நிறுத்தினால் திட்டுவேன். இந்தக் காருக்கு மட்டும் நான் நாலாவதோடு நின்றுவிட்டேன்.

தெரியாமல் இருந்ததா? போன தீபாவளிக்கு முன்பே டிவி பார்க்கும்போது கட்டைவிரல் தானாக ஆடியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தூக்கம் பத்தவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். அப்புறம் காபி அதிகம் என்றேன், வயசு என்றேன். ஒவ்வொன்றையும் நம்பினேன்.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதிவிடுகிறேன், வேறெங்கும் சொல்ல முடியாது. அப்பாவின் அண்ணன் ஒருவர் கடைசி வருடங்களில் சோறு பிசைய முடியாமல் உட்கார்ந்திருப்பார். பெரியம்மா ஊட்டுவார். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

கௌரி ஊட்டுவதை நினைக்க முடியவில்லை.

டயருக்கு ஃபோம் வெட்டினேன். கத்தி பிடிக்கும்போது கை ஆடவில்லை. வேலை செய்தால் நிற்கிறது. சும்மா இருந்தால்தான் வருகிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

மறுபடி ஏரிக்கரை. வெயில்.

ஏகா ஒரு வழி சொன்னான். "ரிமோட்லயே ஒரு செட்டிங் கீது மாமே. சின்ன அசைவுன்னா அது கண்டுக்காது. ஏத்தி வுட்டுக்கோ. எவனுக்கும் தெரியாது."

ஏற்றினேன். சக்கரம் கல்லாக நின்றது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு பாறை விளிம்பில் ஏற்றிப் பார்த்தேன். அங்கே டயரை ஒரு நூல் அளவுக்குத் திருப்ப வேண்டும். திருப்பினேன். வண்டி கேட்கவில்லை. சின்ன அசைவு, அதனால் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் கூடத் திருப்பினேன், ஒரேயடியாகத் திரும்பிக் கவிழ்ந்தது. மூன்று முறை அப்படியே.

நடுக்கத்தை மறைத்தால் நுணுக்கமும் போய்விடுகிறது. இரண்டும் அதே சின்ன அசைவுதான்.

"டாக்டராண்ட காட்னியா?"

"போட்டி முடியட்டும்."

"அண்ணிக்கித் தெரியுமா?"

கவிழ்ந்த வண்டியைத் தூக்கி மண் தட்டினேன்.

"இன்னா நைனா நீ," என்றான்.

பிப்ரவரி 4, புதன்

ஆபீஸ். மைக்ரோமீட்டரைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்து, "நீயே அளவு பாரும்மா, பழகிக்கோ" என்றேன். பெருந்தன்மை மாதிரி. ச்சீ.

வீட்டில் காபி சட்டையில். கௌரி: "உங்களுக்கு என்னதான் ஆச்சு? எதைக் கேட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்கறீங்க."

"வேலை ஜாஸ்தி."

"எனக்கு மட்டும் ஸ்கூல்ல சும்மாவா?" ஸ்டாஃப் ரூமில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது இன்னும் கஷ்டமாக இருந்தது.

காஸ் புக் பண்ண வேண்டும். ஷாக் ஒன்றில் ஆயில் கசிவு.

பிப்ரவரி 7, சனி

பேக்கிங். ஸ்க்ரூ டிரைவர் செட், இரண்டு பாட்டரி, மாற்று லிங்க் கம்பி, தண்ணீர், தொப்பி.

ரிமோட்டில் அந்த செட்டிங்கை எடுத்துவிட்டேன். சைபர். ஆடினால் ஆடட்டும். கேட்காத வண்டியை ஓட்டுவதற்குப் பதில் நான் வீட்டிலேயே இருக்கலாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போய் வந்தாயிற்று. குளித்தாயிற்று. முழுக்க எழுத வேண்டும்.

மனை போடுவதற்காக வாங்கிய காலி நிலம், மூலையில் லாரி லாரியாகக் கொட்டிய பாறை. அதில் ஜோடி ஜோடியாகக் குச்சி நட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே வண்டி நுழைய வேண்டும். குச்சியில் பட்டால் தப்புப் புள்ளி. கையால் வண்டியைத் தொட்டால் பெரிய தப்பு. தப்பு குறைந்தவன் ஜெயிப்பான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். நடுவருக்கென்று தனி ஆள் கிடையாது. இப்போது ஓட்டி முடித்தவன்தான் அடுத்து வருகிறவனுக்கு நடுவர். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு முன்னால் ஏகா. சுத்தமாக ஓட்டினான், ஒரே ஒரு தப்பு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேனாவோடு என் பக்கத்தில் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது குச்சி ஜோடிக்கு முன்னால் வழி பார்க்க நிறுத்தினேன். முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது. பின்னால் ஒரு இளவட்டம் நண்பனிடம் சொன்னான்: "பார்றா, டயர ஆட்டி ஆட்டி கிரிப் தேட்றாரு. அதான்டா எக்ஸ்பீரியன்ஸ்."

அப்படி ஒரு உத்தி நிஜமாகவே உண்டு. நானே பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் மெச்சியது ஒரு கணம் எனக்கு இனித்தது. அடுத்த கணம் வாயெல்லாம் கசந்தது. ஏகா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாவது ஜோடி, குறுகலானது. விளிம்பில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. சக்கரம் ஆடி, குச்சியை மயிரிழை உரசியது. குச்சி அசைந்ததா இல்லையா என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அவனுக்கும்.

"குச்சி பட்ச்சி!"

தேவைக்கு மேல் உரக்கக் கத்தினான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவன் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த இடத்திலேயே நான் நோயாளி ஆகியிருப்பேன்.

அதற்கப்புறம் நான் எங்கேயும் நிறுத்தவில்லை. யோசிப்பதையும் நகர்ந்துகொண்டே யோசித்தேன். கடைசிப் பாறை, கிட்டத்தட்ட சுவர். பித்தளை எடை முன்னால் இழுக்க, டயர் நசுங்கிப் பிடிக்க, ஏறியது. கை அசையவே இல்லை.

ஏகா முதல். நான் மூன்றாவது. அவனுடைய வேனில் திரும்பும்போது காட்டுப்பாக்கம் சிக்னலில் சொன்னான்: "அண்ணியாண்ட நான் சொல்ல மாட்டேன் மாமே. நீதான் சொல்லணும்."

வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்தேன். வீட்டு வாசலில் எல்லாம் மறந்துவிட்டது.

"ஜெயிச்சீங்களா?"

"மூணாவது."

சாப்பாட்டு மேசைமேல் பேப்பர் விரித்து வண்டியை வைத்தேன். மண் உதிர்ந்தது. கௌரி திட்டுவதற்கு வாயெடுத்தாள். கரண்ட் கொடுத்து ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

"முன்சக்கரத்தப் பாரு."

"ஆடுது. ரிப்பேரா?"

"இந்தா, நீ பிடி. சும்மா பிடி, ஒண்ணும் பண்ணாத."

வாங்கினாள். சக்கரம் நின்றது.

சக்கரத்தைப் பார்த்தாள், ரிமோட்டைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள். அதை நான் மறைக்கவில்லை. உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போகவில்லை.

"எத்தன நாளா?"

"சர்வோ மாத்தினேன்," என்றேன். "ஒயர் மாத்தினேன். ரிசீவரும் மாத்திட்டேன் கௌரி."

ரிமோட்டை நான் திரும்பக் கேட்கவில்லை. அவளும் தரவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சக்கரம் அப்போதும் ஆடவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். நரம்பு டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று. கௌரி பள்ளிக்குப் போன் பண்ணி லீவு சொன்னாள். என்ன காரணம் என்று கேட்டார்கள் போல. "வயிறு சரியில்ல மேடம்."

சட்டைப் பொத்தான் போட்டுவிடக் கை நீட்டினாள். நானே போடுகிறேன் என்றேன். நேரமானது. அவசரப்படுத்தாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

கீழே ஆட்டோ ஹாரன்.