ரீசெட் கம்பி

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.9.1997

அன்புள்ள மச்சானுக்கு,

நூர்பானுவின் சலாம். நீங்கள் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். மாமிக்கு முழங்கால் வலி தேவலை. வாய் எப்போதும்போல் நன்றாக இருக்கிறது. இரண்டு நாளாக இங்கே மழை.

நீங்கள் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் போன போர்டை எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். தூசி தட்டத்தான் எடுத்தேன், பிறகு கை சும்மா இருக்கவில்லை. பாலிடெக்னிக்கில் நான் மூன்று வருடம் படித்ததை அடுப்படியில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நூல் அறுந்தால் மில் மெஷினை நிறுத்துவதற்காக நீங்கள் ஆசையாகச் செய்த போர்டு அது. அதன் சிப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பிழை பார்க்க, பொன்னுராஜ் அண்ணன் தன் டி.வி. ரிப்பேர் கடையில் கேபிள் செய்து தந்தார். இணைத்தபோது சிப் பதில் தரவில்லை. வயரை மாற்றிப் பற்றவைத்து சிப்பை எரித்துவிட்டதாக, நாலு பேர் முன்னால் அவரைத் திட்டினீர்கள். அவர் ஏதோ சொல்ல வந்தார், நீங்கள் விடவில்லை. அந்த மாதமே மனசு வெறுத்து சிங்கப்பூருக்குப் போய்விட்டீர்கள்.

சிப் எரியவில்லை மச்சான்.

போர்டோடு கட்டியிருந்த அந்தக் கேபிளின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சிப்பை நிறுத்திவைத்து மறுபடி ஓடவிடும் ரீசெட் கம்பியில் மட்டும் அண்ணன் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார். அதன் வழியாகப் போகும் சிக்னல் தலைகீழாகத்தானே வரும்? அதைத்தான் அன்று சொல்ல வந்திருப்பார். எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்று, கேபிளை இயக்கும் டிரைவர் புரோகிராமுக்காக நீங்கள் எழுதிய ஃபைலில், ரீசெட்டை நேராகவே விட்டிருக்கிறீர்கள். ஓடவிட வேண்டிய நேரத்தில் சிப்பின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே பேசு பேசு என்று சொல்லியிருக்கிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரியை மாற்றி, போர்டை இணைத்தேன். சிப் பதில் தந்து, அதன் நம்பர் திரையில் வந்துவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இதைச் சொல்லி உங்களை வரச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. நாள் எண்ணுவது நான்தானே, எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பொன்னுராஜ் அண்ணனைப் பார்த்தேன். இப்போது டி.வி. ரிப்பேர் மட்டும்தான் பார்க்கிறார் என்று ஊரில் சொல்கிறார்கள். புது போர்டு எது வந்தாலும், எனக்கு அம்புட்டு வேலை தெரியாதுய்யா என்று திருப்பி அனுப்பிவிடுகிறாராம். என்னைக் கண்டு ஒதுங்கிப் போனவர் திரும்பி வந்து, மாப்ளைக்கு அங்க சோறு ஒத்துக்கிடுதாம்மா என்று மட்டும் கேட்டார். விஷயம் என் நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. நீங்கள் பேசிய பேச்சை நான் திரும்ப வாங்க முடியாது.

வாரம் தவறாமல் எனக்கு எழுதுகிறீர்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதற்குள் நான் வாசலில் நிற்பதாக மாமி கேலி செய்கிறார். இந்த வாரம் எனக்கு எழுத வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பொன்னுராஜ் அண்ணனுக்கு எழுதுங்கள். நான் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வேன்.

அல்லாஹ் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
நூர்பானு