பெக் கடித்த நாட்கள்

மார்ச் 3, 1997, திங்கள்

காலையில் காப்பி குடிக்கும்போது நாய்க்குட்டி பெக் என் மனைவி இர்மாவின் வலது கையைக் கடித்தது. மத்தியானம் மோர்க்கஞ்சி நேரத்தில் என் கால்சட்டையை. சாயங்காலம் மறுபடி இர்மாவின் கை, தோல் கிழிந்தது.

கடித்த நேரம், இடம், அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் நாய் டாக்டர். எனக்கு எழுத்து ஓடாது. அப்பாவின் படகு எந்த ஊரில் சரக்கு இறக்குகிறதோ அந்த ஊர்ப் பள்ளியில் மூன்று நாள், நான்கு நாள். அதுதான் என் படிப்பு. எழுதாமலே எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்றேன். "உங்களுக்கு இருக்கும் பெரியவரே, எனக்கு இருக்காதே" என்றார். சரி.

கடித்தால் கையை இழுக்கக் கூடாதாம். குட்டிக்கு வலித்தால் அது எப்படிக் கத்துமோ அப்படி "உய்" என்று மெல்லச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமாம். எழுபத்து நான்கு வயதில் நான் உய் என்பதா?

மார்ச் 4

இரண்டு கடி. இரண்டும் இர்மாவுக்கு. அடுப்படியில் ஒன்று, ஜன்னலருகே ஒன்று. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று ரத்தம் நிற்கவேயில்லை. இதயத்துக்காக இர்மா சாப்பிடும் மாத்திரை ரத்தத்தை உறைய விடாது. வெள்ளிக்கிழமை தோறும் அவளைப் பார்க்க வரும் நர்ஸ் கத்ரீன் அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தாள்.

"இர்மாம்மா, இது நாயா, பிசாசா? மூணு கிலோ இருக்குமா?"

"மூணரை" என்றாள் இர்மா, பெருமையாக.

கத்ரீன் என் பக்கம் திரும்பினாள். "சிரிக்காதீங்க பெரியவரே. இவங்க ரத்தம் தண்ணி மாதிரி ஓடுது. ஒருநாள் நிறுத்த முடியாமப் போயிடும். இன்னொரு தடவை இப்படிப் பார்த்தேன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். நாய் போயாகணும்."

நான் எங்கே சிரித்தேன்?

அவள் போனதும் இர்மா சொன்னாள்: "அது போனா நானும் போறேன்." வேடிக்கைக்குச் சொல்லவில்லை. படகை விற்றுவிட்டுக் கரைக்கு வந்த இரண்டு வருடமாக அவள் காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடு. நான் எழுப்ப வேண்டும், செருப்பை மாட்டிவிட வேண்டும். சனவரியில் பெக் வந்தது. நாங்கள் படகில் எப்போதும் வைத்திருந்த அதே சின்ன இனம்: நரிமூஞ்சி, வால் கிடையாது, தார் போன்ற கறுப்பு. எங்கள் பேச்சில் பெக் என்றால் தார்தான். அன்றிலிருந்து எனக்கு முன்னால் எழுந்து அடுப்பு பற்றவைக்கிறாள்.

நாய் இருந்தால் ரத்தம். நாய் போனால் அவள் மறுபடி படுத்துவிடுவாள். நான் என்ன செய்ய?

மார்ச் 8

பெக்குக்குத் தொப்பியால் ஒரு அடி வைத்தேன். ஒன்றே ஒன்று. இப்போது என் கை உயர்ந்தாலே பல்லைக் காட்டுகிறது. இர்மா ரொட்டியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 10

கடிக்காதிருக்க இர்மா கையில் வினிகர் தடவிக்கொண்டாள். பெக் முழுவதையும் நக்கிவிட்டு இன்னும் கேட்டது.

மார்ச் 12, புதன்

எழுத மனம் வரவில்லை. எழுதுகிறேன்.

ரொட்டி வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தேன். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. நாற்காலியில் இர்மா. மடியில் பெக். அவளுடைய வலது கை அதன் வாய்க்குள். முழுக் கை! ஆனால் அவள் அசையவில்லை. கடிக்கவுமில்லை அது, மென்றுகொண்டிருந்தது, கிழிந்த துணியை மெல்லுவதுபோல. கொஞ்சம் அழுத்தியது போலும். "உய்" என்றாள். உடனே வாயைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். மறுபடி அது கையைக் கவ்வி, இன்னும் பதமாக...

நான் கத்தினேன். "இர்மா! கை!"

நாயின் உடம்பு தூக்கிப் போட்டது. தாடை இறுகியது. ரத்தம் அவள் கவுனில், தரையில்.

துணியைச் சுற்றும்போது சொன்னாள்: "நீ வெளிய போயிருக்கிற நேரத்துல இது என்னைக் கடிச்சதே இல்ல, தெரியுமா?"

நாட்குறிப்பைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கடியாக நினைத்துப் பார்த்தேன். காப்பி, அடுப்படி, ஜன்னல், வெள்ளிக்கிழமை. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். எல்லாவற்றிலும் முதலில் என் சத்தம், பிறகு ரத்தம்.

மார்ச் 13

தூக்கமில்லை. காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன்.

1961, நவம்பர் 9, வியாழக்கிழமை. இருநூற்றெண்பது டன் நிலக்கரி. படகை மேலேற்றும் மதகுத் தொட்டிக்குள் நின்றோம். நான் சுக்கானில், இர்மா முன்பக்கம் கயிற்றோடு. தண்ணீர் ஏற ஏறப் படகு துள்ளியது. கயிற்றுக்கும் இரும்புக் கட்டைக்கும் நடுவில் அவள் கை போனதை நான் பார்த்தேன். மதகுக்காரன் மேலே நின்று ஏதோ வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

நான் பார்க்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அவளிடமும்.

இர்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "நீ சிரிச்சுக்கிட்டிருந்ததை நான் பார்த்தேன்."

முப்பத்தைந்து வருடம்! ஏன்டி சொல்லல, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னா விரல் வந்துடுமா? நீதான் அன்னையிலேர்ந்து என் கைகிட்ட ஈ வந்தாலும் கத்துறியே. அதுலயே எனக்குத் தெரியாதா? போதும் கிழவா. படகுல கத்தின, சரி. இது நாய்க்குட்டி. இதுக்குப் பயம்."

கால்வாயோரம் போய் நெடுநேரம் நின்றேன். ஒரு படகும் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கத்ரீன் புதுக் காயத்தைப் பார்த்தாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவள் அக்காவுக்குப் பண்ணை இருக்கிறதாம், அங்கே விட்டுவிடலாமாம். இரண்டு வாரம் தரச் சொல்லிக் கெஞ்சினேன். "பெரிய வெள்ளி வரைக்கும்" என்றாள். "அன்னைக்குப் புதுசா ஒரு பல் பட்டிருந்தாலும் கையோட கூடை எடுத்துட்டு வருவேன்."

மார்ச் 15

நான் மூலையில் உட்கார வேண்டும். இர்மா பெக்கிடம் கையைக் கொடுப்பாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் பயிற்சி.

மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் கத்தினேன். நல்லவேளை, கனத்த தோலுறை போட்டிருந்தாள்.

மார்ச் 17

இரண்டு முறை கத்தினேன். ஒருமுறை விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 19

புகைக்குழாயைப் பல்லில் கவ்விக்கொள் என்றாள் இர்மா. கவ்வினேன். முனை உடைந்து வாயில் வந்தது. "இந்த வீட்டுல கடிக்கிறது யாருன்னு இப்பத்தான் தெரியுது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22

தோலுறை இல்லாமல். சத்தமில்லை. கடியுமில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 24

பெக் முதல்தடவையாக என் காலடியில் வந்து படுத்தது. கையை மேலிருந்து கொண்டுபோகாமல் கீழிருந்து நீட்டினேன். முகர்ந்தது. போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 28, பெரிய வெள்ளி

கத்ரீன் பத்து மணிக்கு வந்தாள். கூடை கொண்டுவந்திருந்தாள். கதவருகே வைத்தாள்.

இர்மாவின் கையைப் பிடித்துப் பழைய கட்டைப் பிரித்தாள். துணியின் முனை தொங்கி ஆடியது. அதைப் பார்த்த பெக் மேசைக்கடியிலிருந்து ஒரே தாவலில் மடியேறி, துணியையும் கையையும் சேர்த்துக் கவ்வியது. கத்ரீன் வாயைத் திறந்தாள்.

"கத்தாதீங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவள் அப்படியே நின்றாள். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. வெள்ளைப் பற்கள் அந்த மெல்லிய தோலின் மேல். நான் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று...

"உய்" என்றாள் இர்மா.

பெக் வாயைத் திறந்தது. அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் துணியை மட்டும் இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் போய்ப் படுத்தது.

கத்ரீன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளக்கருகே கொண்டுபோய் விரல் விரலாகப் பார்த்தாள். புதிதாக ஒரு கீறலும் இல்லை.

"எத்தனை நாள் ஆச்சு பழக்க?"

"நாய்க்கு ஒரு வாரம்" என்றாள் இர்மா. "இவருக்கு இன்னும் முடியல."

இருவரும் சிரித்தார்கள். கத்ரீன் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, வரும் வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று படியிறங்கினாள். மேசைக்கடியில் என் இரண்டு கைகளும் முஷ்டியாக இறுகியிருந்தன. பிரிக்கச் சற்று நேரம் பிடித்தது.