பத்து நிமிடம் உறைந்த திரை

வியாழன், பௌர்ணமி.

தம்பியின் லாட்ஜுக்கு நான் எழுதிய பைத்தான் நிரல் இன்று கிரிவலக் கூட்டத்தில் மானத்தை வாங்கியது. அறை பதிந்து பத்து நிமிடம் கழித்து விருந்தினருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் திரை உறைந்துவிட்டது. அடுத்தவருக்கு அறை பதிய முடியவில்லை.

"நாலு குடும்பம் வாசல்ல நிக்குதுக்கா. பழைய நோட்டே போதும், உன் கம்ப்யூட்டர் தூங்கட்டும்" என்றான்.

வீட்டில் ஒரே ஓர் அறையைப் பதிந்து சோதித்தது என் தவறு. காத்திருக்கும் வேலையை மட்டும் பின்னணியில் ஓடும் தனி டைமரிடம் ஒப்படைத்தேன். பதிவு தடையில்லாமல் ஓடியது. தம்பி நோட்டை மூடினான்.

அந்த டைமர் போல, கல்லூரி விடுதியில் எனக்கு அறைத்தோழி சாந்தி இருந்தாள். "நீ தூங்குடி, நாலு மணிக்கு நான் எழுப்பறேன்" என்பாள். ஒரு தேர்வுக்கும் எழுப்பத் தவறியதில்லை. அவள் எப்போது தூங்கினாள் என்று நான் கேட்டதே இல்லை.