உன் எண் ஒட்டிய டப்பா

இன்று காலை அச்சன்புதூரிலிருந்து வந்த ஒருத்தி, நீல மூடி போட்ட மல டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூடியைக் கண்டாலே எனக்கு உன்மேல் எரிச்சல் வருகிறது. நீ போய் இரண்டு சீசன் ஆகிவிட்டது. குற்றாலத்தில் இந்த வருஷமும் தண்ணீர் கொட்டுகிறது. என் கோபம் மட்டும் ஆறவில்லை.

தென்காசியில் நம் ஆய்வுக்கு ஆள் சேர்த்தவளே நீதானே. குடலில் வாழும் பாக்டீரியா எதைத் தின்று எதை வெளியே விடுகிறது, நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் அதில் என்ன வித்தியாசம் என்று மலத்திலுள்ள நுண்ணிய வேதிப்பொருள்களை வைத்துப் பார்க்கும் வேலை. மெட்டபாலோமிக்ஸ் என்று நான் வாயெடுத்தால் ஜனம் எழுந்து போய்விடும். நீயோ வடகரைப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, "வெக்கப்படாமத் தின்னோம்லா, இதுக்கு மட்டும் என்ன வெக்கம்?" என்பாய். மறுநாள் டப்பாக்கள் வரிசையாக வந்துவிடும்.

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். நீயும் ஆய்வில் சேர்ந்து கொடுத்த, உன் எண் ஒட்டிய டப்பாவைக் கருவியில் ஓட்டியபோது சர்க்கரை மாத்திரையின் தடயம் ஓங்கி நின்றது. என்னிடமே சர்க்கரையை மறைத்தாயா என்று, அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த உன்னைப் பிடித்துக்கொண்டேன். "அது அவுகளுதுட்டி," என்று உன் வீட்டுக்காரரைச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த டப்பா உன்னுடையது இல்லை என்று கருவி காட்டிக்கொடுத்துவிட்டது. ஏன் மாற்றினாய் என்று கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை. படித்த முட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் சொன்னாய். "ரத்தம் போச்சுட்டி. சூடுன்னு நெனச்சேன், நாலு நாள் அருவியில நின்னா சரியாப் போயிரும்னு. டப்பாவைத் தொறந்தா நீ பாத்திருவியே."

ஆமாம், பார்த்திருப்பேன். அதற்குக் கருவி எதற்கு, மூடியைத் திறந்தால் போதுமே. முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். குடல் புற்றுக்கு அந்த 'முன்னால்' எப்போது என்று எனக்குத் தெரியும், அந்த நீல மூடி டப்பா என் கையில் இருந்த வாரம். நீ போன பிறகு ஆய்விலிருந்து உன் எண்ணை நீக்கச் சொன்னார்கள். நீக்கிவிட்டேன்.

இன்று அந்தப் பெண்ணிடம், "இது உங்களுதுதானா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். நான் விடவில்லை, உன் வசனத்தையே எடுத்துவிட்டேன். அவள் டப்பாவை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மாமியாருடையதாம். நாளைக்குத் தன்னுடையதைக் கொண்டுவருவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

எழுந்து கதவைச் சாத்தினேன். உட்காரச் சொல்லி, "ஏம்மா மாத்துனீங்க?" என்று கேட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்டதை இப்போது யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை.