நான் போட்ட எழுபது வளைவு

பிப்ரவரி 9, ஞாயிறு

நாற்பத்து மூன்றாம் வளைவின் தடுப்புச் சுவரை இன்று மூன்றாவது முறையாகப் பிரித்துக் கட்டினேன். கணினியில்தான். நேரில் டேப் பிடித்து அளந்ததற்கும் திரையில் வந்ததற்கும் ஒரு முழம் வித்தியாசம். யாரும் கவனிக்கப் போவதில்லை. எனக்குத் தெரியுமே!

கொல்லிமலையில், அடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவு. எட்டு மாதமாக அளந்து, படம் பிடித்து, ஒவ்வொன்றாக ரேலி என்கிற கார்ப் பந்தய விளையாட்டுக்குள் ஏற்றியிருக்கிறேன். ஆன்லைனில் ரேலி கார் ஓட்டும் எங்கள் தமிழ்க் குழுவில் நானூறு பேர். இதுவரை யாரோ கற்பனையில் போட்ட மலைகளில்தான் ஓட்டினார்கள். மலைமேல் செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஒருத்தி நிஜ மலையையே போட்டுவிட்டாள். பெருமையாகத்தான் இருக்கிறது. இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 13, வியாழன்

குழுத் தலைவர் ஓம்பிரகாஷ் சேலத்திலிருந்து கூப்பிட்டார். "மேடம், இந்த சீசன் ஃபைனல் உங்க ரோட்டுலதான்!"

முழு நிஜ முறையில் நடக்கும். கியர் கையால் போட வேண்டும், எந்த உதவியும் கிடையாது, விழுந்தால் ஆட்டம் முடிந்தது. வெள்ளோட்டத்தில் முப்பது பேர் ஓட்டி ஆறு பேர்தான் மேலே வந்தார்களாம். கொஞ்சம் சுலபமாக்கக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்களாம்.

"எல்லாரும் ஏறிட்டா அப்புறம் அது என்னங்க கொல்லிமலை?" என்றேன். அதை அப்படியே குழுவில் போட்டுவிட்டார். தொண்ணூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 14

தூத்துக்குடியிலிருந்து ஜாஸ்மின் என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். ஸ்டீயரிங் செட் இல்லையாம், கீபோர்டுதானாம், ஆறாவது வளைவைத் தாண்ட முடியவில்லையாம். பயிற்சி செய் என்று பதில் போட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

என் வீட்டுக்காரர் செல்வம் பதினெட்டு வருடமாக இந்த மலையில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். வாழைத்தார், மிளகு, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சேந்தமங்கலத்துக்கு இறங்குவது இவர் வண்டியில்தான். ஒரு நாளும் சுவரில் உரசியதில்லை. இன்று கடைக்குக் கூட்டிப்போய்க் கணினி முன்னால் உட்கார வைத்தேன். அசந்துபோவார் என்று நினைத்தேன்.

முதல் வளைவு வருமுன்பே, "ருக்குமணி, ஹாரன் எங்க?" என்றார்.

"இது ரேலிங்க. எதிர்ல வண்டி வராது."

"வளைவுல ஹாரன் அடிக்காம எப்படிப் போறது?"

ஹாரனுக்கு உள்ள விசையைக் காட்டினேன். அடித்தார். இடது ஓரமாக ஒதுங்கினார். எதிரே எதுவும் வரவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டுதான் திரும்பினார். நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, இவர் இல்லாத பஸ்ஸுக்கு வழி விடுகிறார்! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

நாலாவது வளைவில் பிரேக் விசையை அழுத்தினார். வண்டி வழுக்கிச் சுவரைத் தாண்டிப் போனது. மறுபடி ஓட்டினார், மறுபடியும் நாலு. ஐந்து தடவை விழுந்ததும் எழுந்துவிட்டார்.

"பிரேக்கு காலுக்குத் தெரியல. வண்டி சாயறது இடுப்புக்குத் தெரியல. கண்ணைக் கட்டி உட்டுட்டு நிஜம்ங்கறே."

"நிஜமான ரோடுங்க. ஒரு இஞ்ச் மாத்தல."

"பதினெட்டு வருசம் ஓட்டுனவனுக்கே நாலு தாண்ட வரல. அப்ப இது யாருக்கு நிஜம்?"



பிப்ரவரி 17

எட்டு மாத வேலை. ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா என்னவாம்?

ஆனால் அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. மேலே ஏறிய ஆறு பேர் யார் என்று பார்த்தேன். ஆறு பேரிடமும் ஸ்டீயரிங், கால் மிதி, அதிர்கிற இருக்கை எல்லாம் இருக்கின்றன. ரோடு எப்படி இருக்கிறது என்று அவர்கள் கைக்கும் காலுக்கும் அவையே சொல்லிவிடும். கீபோர்டுக்காரர்களுக்கு யார் சொல்வது?

நானே கீபோர்டுதான். நானே என் எழுபது வளைவையும் ஒரு தடவை கூட முழுசாக ஏறியதில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இவரோடு காரவள்ளிக்கு இறங்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு திரும்பி ஏறினேன். இத்தனை வருடமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். இன்று இவரையே பார்த்தேன். வாய் ஓயவில்லை! வண்டியோடு பேசிக்கொண்டே ஏறுகிறார்.

"வலது சாமி, முழுசா." "இங்க மண்ணு சரிஞ்சிருக்கும், உள்ள போவாதே கண்ணு." "இப்ப ரெண்டாவது கியர். வா, வா." வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

நிஜ ரேலியில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்து வரும் வளைவை வாசித்துக்கொண்டே வருவார். அது அங்கே சலுகை இல்லை, சட்டம். நான் சுவரையெல்லாம் அளந்தேன், பக்கத்து சீட்டை விட்டுவிட்டேன். மடச்சி!

சோளக்காடு வந்ததும், "ஏனுங்க, மறுக்கா கீழ போலாமுங்க. நீங்க பேசறதைப் பதிவு பண்ணோணும்" என்றேன்.

"நான் எங்க பேசுனேன்?" என்றார். தான் பேசுவதே இவருக்குத் தெரியாது. போனோம்.

மார்ச் 2, ஞாயிறு

எழுபதுக்கும் இவர் குரலை ஏற்றியாயிற்று. ரோட்டை அகலப்படுத்தவில்லை. வேண்டியவர்களுக்குத் தானாக மாறும் கியர் உண்டு, பிரேக் உதவி உண்டு. விழுந்தால் விழுந்த வளைவிலிருந்தே தொடங்கலாம். வேண்டாதவர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டட்டும்.

ஓம்பிரகாஷிடம் சொன்னேன். "குரல் பரவால்ல மேடம். மத்த உதவியெல்லாம் இருந்தா சீனியருங்க ஃபைனலுக்கு வர மாட்டாங்க. எல்லாரும் ஏறிட்டா அது என்ன கொல்லிமலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

"ஃபைனல் அன்னைக்கு மட்டும் அணைச்சு வைங்களேன்."

உடனே முடியாது என்று சொல்லவில்லை. ஆசையாக இருந்தது, பொய் எதற்கு? வெற்றி பெற்றவர் பெயருக்குக் கீழே 'ரோடு: ருக்குமணி' என்று வரும். ஆனால் ஃபைனல் நானூறு பேருக்கும் பொது. அன்றைக்கு அணைத்தால் கீபோர்டுக்காரர்கள் அத்தனை பேரும் நாலிலும் ஆறிலும் விழுவார்கள்.

"இல்லீங்க. எல்லாருக்கும் திறக்கறதா இருந்தாத் தாரேன். இல்லாட்டி வேற ரோடு பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 3

அழுதேன். கடைக்கு வந்த ராமாயி அக்காவுக்கு ரேஷன் கார்டின் முன்பக்கத்தையே இரண்டு தடவை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

நானே ஒரு ஓட்டம் அறிவித்திருந்தேன். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, யார் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம். இருபது பேர் வந்தால் போதும் என்றிருந்தேன். நூற்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள்!

மேலே ஏறியவர்கள் நூற்று இருபத்தொன்று. முதலில் வந்தவன் ஓசூர்ப் பையன், எல்லா உதவியையும் அணைத்துவிட்டு ஓட்டியவன். கெட்டிக்காரன், கும்பிடு போடலாம். நான் அறுபத்து நாலாவது. ஆமாம், எழுபதும் ஏறிவிட்டேன், முதல் தடவையாக.

இவர் நூற்றுப் பதினெட்டு. இவர் குரலே "மெதுவா சாமி" என்று சொல்ல, "தெரியும், தெரியும்" என்று அதற்குப் பதில் வேறு. எழுபதிலும் ஹாரன் அடித்தார். கடைசியாக வந்தவள் ஜாஸ்மின். பத்தொன்பது தடவை விழுந்திருக்கிறாள். "அக்கா, மேலே வந்துட்டேன்" என்று ஒரே வரி எழுதினாள். கடையில் நின்று கத்திவிட்டேன்.

மே 11, ஞாயிறு

ஜாஸ்மின் வந்திருந்தாள். கல்லூரி இறுதி ஆண்டு, ஒல்லியான பெண். காரவள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். புது ஆள் இருக்கிற கூச்சத்தில் இவர் வாயைத் திறக்கவில்லை.

எட்டு வளைவு வரை அவள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒன்பது வருமுன், மெதுவாக, தனக்குள்ளே சொல்வதுபோல், "வலது சாமி, முழுசா" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார்.

பத்து சொன்னாள், பதினொன்று சொன்னாள். "இங்க மண்ணு சரிஞ்சிருக்கும், உள்ள போவாதே கண்ணு" என்றாள். திரும்பினோம். மண் சரிந்து கிடந்தது. "இப்ப ரெண்டாவது கியர்" என்றபோது இவர் கை கியரில்தான் இருந்தது.

"இதுக்கு முன்னால இந்த மலைக்கு வந்திருக்கியா கண்ணு?" என்றார் இவர்.

"மலையையே இப்பத்தான் பாக்கேன் அண்ணே."

அதற்குப் பிறகு இவர் அவள் சொல்லச் சொல்ல ஓட்டினார். எழுபது வரை இரண்டு இடத்தில் மட்டும்தான் அவளுக்கு இடம் வலம் மாறியது.

சோளக்காட்டு டீக்கடையில் நாலைந்து டிரைவர்கள் நின்றார்கள். வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக இவர் நேரே அவர்களிடம் போனார். "இந்தப் புள்ள இன்னிக்குத்தான் மொத தடவை மலை ஏறுது. எழுபதும் மனப்பாடமாச் சொல்லுது. எங்க ஊட்டுக்காரி போட்ட ரோட்டுல படிச்சதுங்க!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீ டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.