தேன் ஒழுகப் பேசும் அம்மா

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

இன்று விடுதியில் திகில் படம் போட்டார்கள். ஒரே மாதிரி வீடுகள் உள்ள அமைதியான குடியிருப்பில் வேற்றுக்கிரக ஜந்து ஒன்று இறங்கி, ஒரு வீட்டு அம்மாவின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. வார்டன் பாதியிலேயே குறட்டை விட்டார். சமையல்கார அக்கா, "வந்தவ வீட்டை எவ்ளோ சுத்தமா வச்சிருக்கா! இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். பக்கத்துக் கட்டில் வாலு, "பயந்தாங்கொள்ளி, கண்ணைத் தொறடி!" என்று கிள்ளினாள். "எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டேன். இப்போது பாத்ரூம் போகத் துணைக்கு அவளை எழுப்பினால் நாளை பள்ளி முழுக்கச் சொல்லிவிடுவாள்.

அந்தப் பொய் அம்மா தேன் ஒழுகப் பேசுவாள், திட்டவே மாட்டாள். அதை வைத்துத்தான் மகள் கண்டுபிடிக்கிறாள். போன ஞாயிறு போனில் நீயும் என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை, அம்மா. "சாப்பிட்டியா கண்ணு" என்றே கேட்டுக்கொண்டிருந்தாய்.

அடுத்த முறை பேசும்போது, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டாயா என்று முதலில் நன்றாகத் திட்டு. மற்றதை அப்புறம் பேசலாம். டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி அனுப்பு. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கிறது. வார்டனாகத்தான் இருக்க வேண்டும்.

உன் அசல் மகள்