முறை என்கிற கட்டம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதறேன். நானும் உங்கப்பாவும் நல்லா இருக்கோம்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும், சொல்லியாச்சு, மீதியைப் படிச்சுட்டு அது நிஜமா இல்லையான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. நீயும் மருமகளும் சுகமா இருக்கணும், பேத்திக்கு முன் பல் விழுந்துடுச்சுன்னியே, முளைச்சுதா? போன்ல பேசாம எதுக்கு லெட்டர்னு கேப்ப. போன்ல நான் வாயைத் திறந்ததும் ஆபீஸ் விஷயம் வேணாம்மான்னு சொல்லி வச்சுடற. லெட்டரை அப்படி வைக்க முடியாது, மடிச்சுப் போட்டாலும் மேஜையில கிடந்து உன்னையே பார்க்கும். உங்கப்பா முட்டிவலி பழையபடியேதான், மாடிப்படி ஏறினா வலிக்குது, டீக்கடை வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னு நாட்டு நடப்பு பேசினா வலிக்கறதில்லை. தண்ணி வாரத்துக்கு மூணு நாள்தான் வருது. பள்ளிக்கூடத்துல பாதியை, சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவங்க தங்கறதுக்குக் கொடுத்துட்டதால நம்ம தெருப் பிள்ளைங்களுக்கு மத்தியானம் மட்டும்தான் வகுப்பு. கீழ்வீட்டுக்காரி எங்கிட்ட பேச்சை நிறுத்திட்டா, நான்தான் எல்லாரையும் உள்ள விடறேனாம். எனக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தா வீட்டுல ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு உங்கப்பாகிட்ட சொல்லி ஜெயிச்சிருக்க மாட்டேனா. ஆனா அவ மேலயும் தப்பில்லைடா, ஊருக்கே அலுத்துப் போச்சு.

நீ அங்க பெண் எடுத்து அந்த நாட்டு மாப்பிள்ளையா போனப்புறம் நம்ம எடைமேடை எப்படி ஆயிருக்குன்னு உனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் மனு பார்க்கற உன் ஆபீஸுக்குப் பேப்பரா வரும்போதுதான் பார்க்கற. முக்கூட்டுல லாரிக்கு எடை போட்டு சீட்டு எழுதின அதே மேஜைலதான் இப்பவும் உட்கார்ந்திருக்கேன், சண்டை வந்து லாரி நின்னுபோச்சு, அதே ரோட்டுல ஜனங்க நடந்து வர்றாங்க. இங்கு சுமை இறக்கக் கூடாதுங்கற பழைய போர்டு இன்னும் என் தலைக்கு மேல தொங்குது, கழட்டுங்கன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டேன். இடது கை ரோடு நம்ம நாடு, வலது கை ரோடு உங்க நாடு, ஒரு வாரம் வர்றவங்க எங்களுக்கு, அடுத்த வாரம் வர்றவங்க உங்களுக்கு. சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு அடிச்சா முறை மாறும், வரிசைக்கு நடுவுல கயிறு போடறது நான். அப்போ முன்னால இருக்கறவங்களும் பின்னால இருக்கறவங்களும் சேர்ந்து என்னைத் திட்டுவாங்க. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க. தெற்கே இருக்கிற பெரிய நாடு கம்பளியும் கூடாரமும் அனுப்புது, ஒவ்வொண்ணுலயும் தன் பேரைக் கொட்டை எழுத்துல அச்சடிச்சு. ஆள்னு ஒருத்தரைக்கூட வாங்கறதில்லை. அந்தக் கம்பளியைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு உன் கடைசி சித்தப்பா ஞாபகம்தான் வருது, அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல் மாசமெல்லாம் வந்தவங்க முகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அப்புறம் முகத்தைப் பார்க்கறதை நிறுத்திட்டேன், பார்த்தா வீட்டுக்கு வந்து சாப்பிட முடியலை. நம்பர் சீட்டை நீட்டற கையை மட்டும் பார்ப்பேன். பதினோரு வாரத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை பன்னெண்டு அடிச்சுது, குனிஞ்ச தலை நிமிராம கயிறு போட்டேன். கயித்துக்கு இந்தப் பக்கம் எங்க வாரத்துல ஒரு சலூன்காரர், அந்தப் பக்கம் உங்க வாரத்துல அவர் பெண்சாதி. சேர்ந்து நடந்து வந்தவங்கதான், அந்தம்மா செருப்பு வார் அறுந்து போச்சுன்னு குனிஞ்சு முடிச்சு போட்டிருக்காங்க, அதுக்குள்ள மூணு பேர் முந்திட்டாங்க, அவ்வளவுதான். அவர் கத்தினார், என் சம்சாரம்மா, என் சம்சாரம்னு. நான் நிமிர்ந்து பார்த்தேன்டா. பார்த்துட்டும் கயித்தை எடுக்கலை. எங்க ஆபீஸ் ஐயா வந்து, மனு எழுதிக் கொடுங்க, பத்து நாள்ல சேர்த்து வச்சுடுவாங்கன்னு சொன்னார், நானும் அதையே சொன்னேன், அவரும் நம்பிட்டார். பத்து நாள் எப்படி எழுபத்தேழு நாளாச்சுன்னு உனக்கே தெரியும்.

முதல் மனுவை எழுதினது நான்தான், தப்பும் என்னுதுதான். பேர், வயசு, தொழில்னு கேட்டுக்கிட்டே வந்து அடுத்த கட்டம் முறைன்னு இருந்ததா, நான் முறைன்னு கேட்டேன், அவர் கணவர்னார், எழுதிட்டேன். எந்த நாட்டு முறைன்னு போடற கட்டம்னு எனக்குத் தெரியாதா என்ன, இத்தனை மாசமா அதைத்தானே நிரப்பறேன். ஆனா எதிர்ல உட்கார்ந்து ஒரு மனுஷன் கணவர்னு சொன்னா கை தானா எழுதிடுது. சிவப்பு மையில சுழிச்சு, இந்தக் கட்டத்தில் உறவு எழுதக் கூடாதுன்னு திரும்பி வந்துது. ரெண்டாவது தடவை உங்களுடையதுன்னு எழுதினேன், கணவர் உங்கள் வாரத்தில் வந்தவர்னு திரும்பி வந்துது. அதுக்குள்ள அந்தம்மாவுக்கு உடம்பு முடியாம உங்க பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து, கிட்னி ரெண்டும் போச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணணும்னுட்டாங்களாம், கம்பளி கொண்டு வர்ற லாரி டிரைவர் வந்து சொன்னார். இங்க அந்த மெஷின் கிடையாது, அதனால அந்தம்மா இங்க வர முடியாது, இவர்தான் அங்க போகணும். மூணாவது மனுவுல நான் சுத்தி வளைக்காம எழுதினேன், முறை எங்களுடையதுதான், ஆனாலும் மனைவி உங்களிடம் சிகிச்சையில் இருப்பதால் ஏற்றுக்கொள்ளவும்னு. அதுவும் போன வாரம் வந்துடுச்சு. முறை எங்களுடையது அல்ல, திருப்பி அனுப்பப்படுகிறதுன்னு ரெண்டே வரி.

அந்த ரெண்டு வரி யார் எழுதினதுன்னு எனக்குக் கீழ இருக்கற கையொப்பத்தைப் பார்க்காமலே தெரிஞ்சு போச்சு. றை போடும்போது நீ கொம்பைப் போட்டுட்டு ஒரு விரல் தள்ளித்தான் றவைப் போடுவ, ரெண்டாவது படிக்கும்போதே கொம்பு ஒரு வீடு எழுத்து ஒரு வீடாடான்னு உன் தலையில குட்டியிருக்கேன். அன்னைக்கு மேஜையில உட்கார்ந்து அந்த றையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். எதிர்ல அவர் நிக்கறார், என்னம்மா சொல்லியிருக்காங்கன்னு கேக்கறார். என் பிள்ளைதான் எழுதியிருக்கான்னு சொல்லாம, பரிசீலனையில இருக்குன்னு பொய் சொன்னேன். உன் மேல கோபம்னு நினைச்சுக்காத, நீயும் என்னை மாதிரி கையை மட்டும் பார்த்து எழுதற இடத்துக்கு வந்துட்டன்னுதான் வருத்தம். எங்கிட்டயிருந்து வேற எதையாவது கத்துக்கிட்டிருக்கக் கூடாதா.

உன் பெரியப்பாவை ஞாபகம் இருக்கா? இல்லாம எங்க போகும். மில்லுல கை போய், கல்யாணமும் இல்லாம, தம்பிங்க வீட்டுல மாசத்துக்கு ஒரு வீடுன்னு முறை போட்டு வச்சோம். முப்பத்தோரு நாள் மாசமெல்லாம் எங்க தலையிலயே விழுதுன்னு உன் சித்தி காலண்டரைத் தூக்கிட்டு வந்து சண்டை போட்டா, நானும் சளைக்கலை, பிப்ரவரி யார்கிட்ட இருந்துதுன்னு கேட்டேன். கடைசி சித்தப்பா வெளியூர்லயிருந்து பெரிய மெத்தை ஒண்ணு அனுப்பிட்டு, என் பங்கு முடிஞ்சுதுன்னுட்டார். அந்த மெத்தையை ஒரு வீட்டுலயிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கறதே தனி வேலை. பெரியப்பா சட்டையைப் பையிலயிருந்து வெளியவே எடுக்க மாட்டார், எடுத்து மாட்டினா மறுபடி மடிக்கணுமேன்னு சொல்வார். ஒரு ஒண்ணாம் தேதி உள்ளூர்ச் சித்தப்பா வந்து கூட்டிட்டுப் போகலை, முறைன்னா முறைதான்னு நான் அவரை ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டேன். அங்க வீடு பூட்டியிருந்துது. பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில நீதான் பார்த்திருக்க, பூட்டின வீட்டுப் படியில பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாராம். பன்னெண்டு வயசுல நீ அவரைக் கையைப் பிடிச்சு நடத்தியே கூட்டிட்டு வந்த. யார் முறைன்னு நீ கேக்கலை. நேரா உள்ள போய் அவர் பையைப் பிரிச்சு சட்டை நாலையும் ஆணியில மாட்டின, நான் அடுப்படியிலயிருந்து பார்த்துக்கிட்டே நின்னேன், வெட்கமா இருந்துது.

அதுக்கப்புறம் அவர் கண்ணை மூடற வரைக்கும் நம்ம வீடுதான். ஆனா நாங்க மட்டும் சுமக்கலைடா, அதுதான் விஷயம். செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது சித்தி, ஞாயித்துக்கிழமை குளிப்பாட்டறது சித்தப்பா, கடைசி சித்தப்பாவையும் விடலை, வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து இருந்தே ஆகணும்னு வரவழைச்சோம். ஒரே நாள்ல நடந்துடலை, சித்தி ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசலை, அப்புறம்தான் வழிக்கு வந்தா. ஆளை அலைய விடாம வேலையைப் பங்கு போட்டோம், அவ்வளவுதான் நாங்க பண்ணினது. நாலு பேர் நாலு பக்கம் பிடிச்சா பாரம் தெரியாதுங்கறது நிஜம், ஆனா பாரத்தை நாலு பேர் பந்து மாதிரி தூக்கிப் போட்டுப் பிடிச்சா அது பாரமா, விளையாட்டா? உங்கப்பாகிட்ட இதைச் சொன்னா, வீடும் நாடும் ஒண்ணாடி, ஒருத்தருக்குக் கையெழுத்துப் போட்டா ஆயிரம் பேர் வந்து நிப்பாங்கன்னார். அவர் சொல்றதும் சரிதான். ஆயிரம் பேர் நிக்கத்தான் போறாங்க, போட்டாலும் நிப்பாங்க, போடலைன்னாலும் நிப்பாங்கன்னு சொன்னேன், துண்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டார்.

ரெண்டு நாடும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துல பதினேழாவது பத்தின்னு ஒண்ணு இருக்கு, உனக்குத் தெரியாததில்லை. கூட்டுப் பொறுப்பு, ஆள் ஒரு நாட்டுல இருக்கலாம், பார்த்துக்கற பொறுப்பு ரெண்டு நாட்டுக்கும், ரெண்டு பக்கத்து அதிகாரியும் கையெழுத்துப் போட்டா போதும். ஒரு வருஷமாச்சு, ஒருத்தர்கூட அதைத் தொடலை. எங்க ஐயாவைக் கேட்டா முதல்ல அவங்க போடட்டும்ங்கறார், உங்க ஐயா முதல்ல இவங்க போடட்டும்ங்கறாராம். கல்யாண வீட்டு வாசல்ல சம்பந்திங்க நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்கன்னு மரியாதை பண்ணிக்கிட்டு நிப்பாங்களே, அந்தக் கதைதான். உள்ள ஒருத்தி மெஷின்ல படுத்திருக்கா.

முந்தாநாள் என்ன நடந்துதுன்னு கேளு. சலூன்காரர் இங்க சும்மா இருக்கறதில்லை, எடைமேடை மேலயே ஒரு நாற்காலி போட்டு வந்தவங்களுக்கும் எங்களுக்கும் முடி வெட்டறார், வாய் ஓயாம பேசற தொழில், இவர் மட்டும் பேசறதில்லை. ஐயா தலையைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தார், பிடரியில கத்தி ஓடிக்கிட்டு இருக்கு. கண்ணாடியில அவர் முகத்தைப் பார்த்துட்டு, ஊருக்கெல்லாம் வெட்டறீங்க, உங்க முடி தோள்ல இடிக்குதே, வெட்டிக்கக் கூடாதான்னு ஐயா கேட்டார். எனக்கு எப்பவும் என் சம்சாரம்தாங்க வெட்டும், முப்பது வருஷமா வேற கை பட்டதில்லைன்னார், அவ்வளவுதான் சொன்னார், கத்தியை ஓட்டிக்கிட்டே. நான் சமயம் பார்த்து பதினேழாவது பத்தி ஃபாரத்தை நீட்டினேன். கழுத்துல கத்தி இருக்கும்போதா நீட்டறதுன்னு கேட்டார், அப்பதான் சார் நீங்க ஒரே இடத்துல உட்கார்றீங்கன்னேன். கழுத்துல துண்டோடவே கையெழுத்துப் போட்டுட்டார். எங்க பங்குக்கு நம்ம நர்ஸ் ஒருத்தங்க செவ்வாயும் வெள்ளியும் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து வேலை செய்வாங்கன்னு அதுல எழுதியிருக்கு, ஓசியில ஆளைத் தள்ளிவிடலை.

இனி உங்க பக்கத்துக் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. கோணல் வழியில போன்னு நான் சொல்லலை, என் பிள்ளை வேலைக்கு உலை வைக்கற அம்மா இல்லை நான். வழக்கமா பண்ற மாதிரி உட்கார்ந்த இடத்துல ரெண்டு வரி எழுதி அனுப்பாம, எழுந்து அந்த ஃபைலைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து போய் உங்க ஐயா மேஜையில வை, அவர் கையெழுத்துப் போடற வரைக்கும் அங்கயே நில்லு. அன்னைக்குப் பெரியப்பாவைக் கூட்டிட்டு வந்த தூரம்கூட இருக்காது. அந்த ஃபாரம் வியாழக்கிழமைத் தபால் பையில உனக்கு வந்து சேரும். பார்த்ததும் அம்மா மறுபடி தப்பு பண்ணிட்டான்னு நினைச்சுக்காத. கூட்டுப் பொறுப்புன்னா எங்களுடையதுன்னு எழுதினாலும் பொய், உங்களுடையதுன்னு எழுதினாலும் பொய். அதனால முறை என்கிற கட்டத்துல இந்தத் தடவை தெரிஞ்சேதான் எழுதியிருக்கேன், கணவர்னு. சிவப்பு மையில சுழிக்கணும்னு தோணினா சுழிச்சுக்கோ, ஆனா சுழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தம்மாவைப் பார்த்துட்டு வந்து சுழி.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படி, மருமகளை வேலை வேலைன்னு விரட்டாத, பேத்திக்கு என் முத்தம். உங்கப்பாவுக்கு முட்டித் தைலம் அனுப்ப மறந்துடாத, அனுப்பலைன்னா என் உயிரை வாங்கறார். நீங்க மூணு பேரும் நூறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும், எந்தக் கயிறும் உங்களுக்கு நடுவுல விழக் கூடாது.

இப்படிக்கு,
பேர் எதுக்கு, கையெழுத்துத்தான் உனக்குத் தெரியுமே.
முறை: அம்மா.